மயில் படிந்த டம்ளர்

போன ஞாயிற்றுக்கிழமை ஜெயங்கொண்டத்திலிருந்து சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். வெயிலுக்கு மோர் கொடுத்தோம். சம்பந்தியம்மா டம்ளரை வாங்கினார், ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார், விரல் நகத்தால் ஒரு இடத்தில் லேசாகச் சுரண்டினார், "இருக்கட்டுங்க, இப்பதான் வழியில இளநீர் குடிச்சோம்" என்று ஸ்டூலில் வைத்துவிட்டார். இதற்கு என்ன அர்த்தம் என்று அரியலூர்க்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. டம்ளரைச் சரியாகக் கழுவவில்லை என்று அர்த்தம்.

டம்ளரைக் கழுவித்தான் வைத்திருந்தோம். அந்த அம்மா பார்த்தது உப்பும் இல்லை, அழுக்கும் இல்லை. மயில். பெரம்பலூரிலிருந்து என் மச்சான் வந்து போட்டுவிட்டுப் போன மயில்.

உங்கள் வீட்டிலும் ஒரு மச்சான் இருப்பார். இந்த வருடம் அவர் கையிலும் கண்ணாடியில் செதுக்குகிற அந்தச் சின்ன மெஷின் இருக்கும். உங்கள் டம்ளரிலும் ஏதோ ஒரு பறவை வந்திருக்கும். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். கண்ணாடி டம்ளரில் எதையும் செதுக்கக் கூடாது என்பதற்கு என்னிடம் மூன்று காரணங்கள் உண்டு. முதல் இரண்டு சாதாரணம். மூன்றாவதைக் கேட்டால் மச்சான் மெஷினைக் கீழே வைத்துவிடுவார்.

முதல் காரணம் நம் தண்ணீர். ஊரே சுண்ணாம்புக்கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் சுற்றிலும் இத்தனை சிமென்ட் ஆலைகள். இங்கே போர் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்த டம்ளரில் காய்ந்ததும் தானாகவே ஒரு கோலம் விழும். அதைப் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்தே நம் வீட்டுப் பெண்களின் பாதி ஆயுள் போய்விட்டது. அந்த டம்ளரில் வேலை மெனக்கெட்டு வெள்ளையாக ஒரு மயிலைப் போட்டால் யார் கண்டுபிடிப்பது? என் வீட்டம்மாவே தோகையைப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறாள். போகவில்லை என்றதும் எலுமிச்சம்பழத்தை வெட்டிவிட்டாள். இன்னொரு கூத்தும் உண்டு. செதுக்கின இடத்தில் தண்ணீர் பட்டால் அந்தச் சொரசொரப்பில் நீர் நிரம்பி டிசைன் மறைந்துவிடும், காய்ந்தால் மறுபடி வரும். உப்புக்கறையும் அச்சாக அப்படியேதான். கழுவும்போது பளிச்சென்று இருக்கும், விருந்தாளி முன்னால் வைக்கும்போது பல்லை இளிக்கும்.

உண்மையில் நம் பக்கம் டிசைனுக்குப் பஞ்சமே இல்லை. சுமார் பத்து கோடி வருடங்களுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. காரைப் பக்கம் ஓடையில் குனிந்து ஒரு கல்லை எடுத்தால் அதில் சுருள் சுருளாக ஒரு கடல் பிராணி பதிந்திருக்கும். சாத்தனூரில் பதினெட்டு மீட்டருக்கு மேல் நீளமாக ஒரு மரமே கல்லாகிக் கிடக்கிறது. வாரணவாசியில் இதற்கென்றே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். மனிதக் கைவேலைதான் வேண்டுமென்றாலும் பெரம்பலூர் மாவட்டத்திலேயே அரும்பாவூர் இருக்கிறது. அங்கே செய்கிற மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடே கிடைத்தது. மச்சானிடம் இதைச் சொல்லியிருக்கவே கூடாது. "அவங்க மரத்துல பண்றாங்க மாப்ளே, நான் கண்ணாடியில பண்றேன், அவ்வளவுதானே வித்தியாசம்" என்றார். அரும்பாவூர்க்காரர்கள் பொறுமைசாலிகள். இதையும் தாங்கிக்கொள்வார்கள்.

சரி, இரண்டாவது காரணம். அதற்கு முன்னால் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். பாத்திரத்தில் பேர் வெட்டுவதற்கு நான் எதிரி இல்லை. எவர்சில்வரில் பேர் வெட்டுவது வேறு, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. காதுகுத்து வீட்டுக்குச் சாம்பார் கொண்டுபோன தூக்குவாளி திரும்பி வரவேண்டுமே! பேர் வெட்டின தூக்குவாளியும் திரும்பி வராதுதான். ஆனால் யார் வீட்டில் இருக்கிறது என்று அடுத்த விசேஷத்தில் தெரிந்துவிடும். அதைச் சுட்டிக்காட்டாமல் அதிலேயே அவர்கள் ஊற்றுகிற ரசத்தைக் குடித்துவிட்டு வருவதற்குப் பேர்தான் உறவு.

இந்தப் பழக்கம் நேற்று முளைத்ததும் இல்லை. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று பேர் கீறியிருக்கிறது. இரண்டாயிரம் வருடம் தாண்டிய ஓடு. ஆதன் பெரிய எழுத்தாளன் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் பானையை இரவல் கொடுத்து ஒருமுறை ஏமாந்தவன் என்பது என் முடிவு. தொல்லியல் துறை ஒத்துக்கொள்ளாது, பரவாயில்லை. ராஜேந்திர சோழனையே எடுத்துக்கொள்ளுங்கள். கங்கைகொண்ட சோழபுரம் இப்போது நம் மாவட்டத்தில் இருப்பதால் உரிமையோடு சொல்கிறேன். திருவாலங்காட்டுக் கோயிலுக்கு ஒரு ஊரை எழுதிவைத்ததைச் சொல்ல அவருக்கு 31 செப்பேடுகள் தேவைப்பட்டிருக்கின்றன. அதில் நிறைய இடத்துக்கு அப்பா, தாத்தா, முப்பாட்டன் என்று வம்சம். அதாவது, பாத்திரத்தில் "இவருடைய பேரனும் இவருடைய மகனுமாகிய" என்று நாம் வெட்டுகிறோமே, அது சோழர் காலத்து மொய் முறை.

என் வீட்டுப் பரணில் ஏறினால் ஒரு மாவட்டத்தின் வரலாறே கிடைக்கும். என் கல்யாணத்துக்கு ஒருவர் தந்த அண்டாவில் "திருச்சி மாவட்டம்" என்று இருக்கிறது. அதே தெருவில் அதே வீட்டுக்காரர் 1995க்குப் பிறகு கொடுத்த குடத்தில் "பெரம்பலூர் மாவட்டம்". 2001இல் அரியலூரைத் தனியாகப் பிரித்ததும் அவர் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் தந்த தட்டில் "அரியலூர் மாவட்டம்" என்று கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டார். அடுத்த வருடமே திரும்பப் பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். மனுஷன் மனம் உடைந்து அடுத்து வந்த டம்ளரில் மாவட்டமே போடவில்லை, பின்கோடு மட்டும். 2007 நவம்பரில் அரியலூர் மறுபடி தனி மாவட்டம் ஆனதும் பேத்தி சடங்குக்கு எனக்கு ஒரு வாளி வந்தது. அதில் பேத்தி பேர் சின்னதாகவும் மாவட்டத்தின் பேர் பெரியதாகவும் இருந்தது. அவர் வீடு இருந்த இடத்தைவிட்டு ஓர் அங்குலம் நகரவில்லை.

எழுத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிற கடைகளில் இன்னொரு கலை வளர்ந்தது. சுருக்கெழுத்து. "மா.செ.கு.ரா. குடும்பத்தார்" என்று ஒரு தாம்பாளம் இருக்கிறது. யார் என்று இன்றுவரை தெரியவில்லை. திருப்பி மொய் வைக்காததால் அவர்கள் எங்களோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கலாம். யார் பேசவில்லை என்று தெரியாததால் எங்களுக்கும் வருத்தமில்லை. பாத்திரக்கடையில் இலவசமாக வெட்டிக் கொடுக்கத் தொடங்கிய பிறகு எல்லாம் தலைகீழ். தாய்மாமன், தாய்மாமனின் மச்சான், அவர் வகிக்கிற கௌரவப் பதவி, கட்சியில் கிளைப் பொறுப்பு, தேதி, கிழமை, சில சமயம் முகூர்த்த நேரம். தட்டின் விளிம்பில் இடம் போதாமல் நடுவுக்கே வந்துவிட்டது. சோறு போட்டால் பேர் மறையும், பிசைந்து சாப்பிடச் சாப்பிட மொய் வைத்தவர் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வருவார். கடைசிக் கவளத்தில் அவருடைய இனிஷியலை வழித்துச் சாப்பிட வேண்டும். பேர் வெட்டுகிற பையன் ழகரத்தை ளகரமாக வெட்டிய பாத்திரங்கள் தனி. அவற்றைப் பற்றி எழுதினால் புலவர்கள் அழுவார்கள்.

இத்தனைக்கும் அடியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பேர் வெட்டின பாத்திரத்தை வேறு யாருக்கும் மொய்யாகத் தள்ளிவிட முடியாது. கொடுத்தவனுக்கு அதுதான் நிம்மதி, வாங்கினவனுக்கு அதுதான் ஆயுள் தண்டனை. கண்ணாடியில் மயில் போடுவதில் இந்த நியாயம்கூட இல்லை. மயில் யாருடைய சொத்து?

கண்ணாடியில் பேர் போடுவதும் பழசுதான், மறுக்கவில்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் என்னியோன் என்று ஒரு கண்ணாடிக் கலைஞர் கிண்ணத்தில் தன் பேரைப் போட்டு, வாங்குகிறவரை யாராவது நினைக்கட்டும் என்ற பொருளில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார். அது அச்சுக்குள் ஊதும்போதே விழுந்தது. மெஷினை வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு ஒருவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சுரண்டினது இல்லை. அந்தச் சத்தம், காதுக்குள் ஒரு கொசு குடும்பத்தோடு குடியேறியது மாதிரி.

இரண்டாவது காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இது விளையாட்டு இல்லை. மெஷினுக்கு முன்னால் மச்சான் ஒரு களிம்பு வைத்திருந்தார். ஸ்டிக்கரை ஒட்டி, பிளேடால் டிசைனை வெட்டி எடுத்து, களிம்பைத் தடவி, சிறிது நேரம் விட்டுக் கழுவினால் கண்ணாடி அரித்துவிடும். கண்ணாடியையே அரிக்கிறது என்றால் உள்ளே என்ன இருக்கும்? புளோரைடு. இந்த இனத்தின் அசல் அமிலத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் வைக்கவே முடியாது, பாட்டிலையே தின்றுவிடும். தோலில் பட்டால் சில சமயம் உடனே வலிக்காது. உள்ளே இறங்கி எலும்பில் இருக்கிற கால்சியத்தைத் தேடும். மச்சான் அதைக் கையுறை இல்லாமல் தடவினார். மீதியைச் சமையலறையில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தார். நான் கத்தியதற்கு, "நம்ம ஊரே கால்சியம்தானே மாப்ளே, ஒண்ணும் ஆவாது" என்றார். களிம்பை அன்றைக்கே பிடுங்கிப் பூட்டிவைத்தேன். அதனால்தான் மெஷின் வாங்கினார்.

மெஷினால் கீறினால் களிம்பு ஆபத்து இல்லை, வேறு ஆபத்து. கண்ணாடி உடைவதே அதன்மேல் இருக்கிற நுண்ணிய கீறல்களால்தான் என்று கிரிஃபித் என்கிற ஆங்கிலேய இன்ஜினியர் 1921இல் கணக்குப் போட்டு வெளியிட்டுவிட்டார். மச்சான் அதற்குமேல் தோகை முழுக்கக் கீறுகிறார். கீறும்போது பறக்கிற தூசி மூக்குக்குள் போகாமல் ஈரத்துணி வைத்துச் செய்ய வேண்டும், முகமூடி போட வேண்டும். இத்தனை வருடம் சிமென்ட் ஆலையில் வேலை பார்த்து வாங்கிய தூசி போதாதென்று ஓய்வு பெற்ற பிறகு சொந்தக் காசில் வாங்கிக்கொண்டிருக்கிறார். இதை நான் சொன்னால் பொறாமை என்கிறார்கள். என் தங்கையும் அப்படித்தான் சொல்கிறாள், அவர் மயில் போட்ட ஆறு டம்ளரும் என் வீட்டு டம்ளர் என்பது அவளுக்கு நினைவே இல்லை.

மூன்றாவது காரணத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் போன் வந்தது. வரும் ஆவணியில் என் பேரனுக்குக் காதுகுத்து. வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு கண்ணாடி டம்ளர் தாம்பூலப் பையில் வைத்துக் கொடுப்பதாக மச்சான் முடிவு செய்துவிட்டார். எல்லாவற்றிலும் அவரே வெட்டுகிறார். எழுத்துக்குக் காசு கிடையாது, எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை, வாசகத்தை மட்டும் நான் எழுதித் தர வேண்டுமாம். "உங்க அளவுக்குத் தமிழ் யாருக்கு வரும் மாப்ளே" என்றார்.

என் அப்பா, தாத்தா பேர் வரைக்கும் வந்துவிட்டது. முப்பாட்டனுக்கு இனிஷியல் என்ன என்று கேட்டு நன்னையில் இருக்கிற பெரியப்பாவுக்குப் போன் போட்டிருக்கிறேன். மாவட்டத்தின் பேரைப் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்.