சொல்லிட்டு ஓடுறவன்

ஏலே பேராண்டி, இந்த ஆபீசும் வேண்டாம், இந்தப் பட்டணத்துப் பொழப்பும் வேண்டாம், புல்லட்ட எடுத்துக்கிட்டு லடாக்குக்குப் போறேன்னு கிளம்பிட்டியாமே. சந்தோசம்லே. உங்கம்மா மூக்கச் சிந்திக்கிட்டு வந்து, "மாமா, நீங்கதான் நாலு வார்த்த சொல்லி அவன நிறுத்தணும்"னு நிக்கா. நான் எதுக்கு நிறுத்துறேன்? ஒரு கிழவன் சொல்லி நின்னுபோனா அது ஒரு ஓட்டமா?

ஒரு சந்தேகம் மட்டும் கேக்கேன். ஓடிப்போறவன் ஊர்பூரா சொல்லிட்டா போவான்? எங்க காலத்துல ஒரு பய ராத்திரியோட காணாமப் போவான். மறுநாள் ஊர்க் கிணத்துல பாதாளக்கரண்டி போட்டுத் துழாவுவாங்க. ரெண்டு மாசம் கழிச்சு பம்பாய்லருந்து ஒரு தபால் கார்டு வரும், 'நலம், நலமறிய அவா'ன்னு. அவன் ஓடினவன். நீ என்னடான்னா கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டு, ஆறு மணிக்கு எந்திரிக்கணும், ஆறரைக்கு டீ, ஏழுக்குப் புறப்பாடுன்னு எழுதி வச்சிருக்கே. அலாரத்துக்குப் பயந்து ஓடுற பய, ஓடுறதுக்கும் அலாரம் வச்சிருக்கான்!

புல்லட் சங்கதியையும் விசாரிச்சேன். உன் வண்டி இங்கனயே தார்ப்பாய்க்குள்ள தூங்குமாம். நீ விமானத்துல லே பட்டணத்துல போயி இறங்கி, அங்கன வாடகைக்கு வேறொரு புல்லட் எடுப்பியாம். இங்க இருக்கிறதுக்குத் தவணை, அங்க இருக்கிறதுக்கு வாடகை. நல்ல கணக்குதான், படிச்ச பய.

ஈரோட்டு ராமசாமி நாயக்கரும் ஒரு தடவ வீட்ட விட்டுப் போனாரு. பின்னால பெரியார்னு ஆனாரே, அவருதான். 1904ல, அப்பாகிட்டக் கோவிச்சுக்கிட்டு காசிக்கு. அங்க சத்திரத்துல சோறு பிராமணருக்கு மட்டும்தான்னு வெளிய தள்ளிட்டாங்க. பசி தாங்காம எச்சில் இலையில கிடந்தத எடுத்துத் தின்னாரு. தின்னுட்டு நிமிந்து பாத்தா, சத்திரத்தக் கட்டிவச்ச புண்ணியவான் நம்ம பக்கத்து வியாபாரி, பிராமணரல்லாதவரு! கடைசில ஏலூருல இருந்தவர அப்பாவே தேடிப்பிடிச்சுக் கூட்டியாந்தாரு. அந்த எச்சில் சோறு 1973ல அவரு சாகிற வரைக்கும் செரிக்கல பாத்துக்கோ. நாட்டுக்கே தெரியும். நீ தங்குற ஓட்டல்ல காலைப் பலகாரம் வாடகையோட சேத்தியான்னு நேத்து போன்ல கேட்டுக்கிட்டிருந்தே. கேளு, கேளு. பசிச்சுகிசிச்சுத் தொலைச்சா வீட்டுக்கு இன்னொரு பெரியார் வந்துரப்போறாரு.

மேலத்தெரு சுபேதார்ட்டயும் ஒரு வார்த்த கேட்டேன். அவரு அந்தப் பக்கம் காவல் காத்த மனுசன். லேங்கிறதே 11,500 அடி உசரமாம். கீழ இருந்து போற சிப்பாய, எம்புட்டுப் பெரிய மல்லனா இருந்தாலும், உடனே மேல அனுப்ப மாட்டாங்களாம். ஆறு நாள் அங்கனயே வச்சு உடம்பப் பழக்கணும். அதுலயும் மொத ரெண்டு நாள் சும்மா கிடக்கணும், அதுதான் உத்தரவு. அவசரப்பட்டா தலையிடி, வாந்தி, அப்புறம் நெஞ்சுல நீர் கோத்துக்கிட்டா ஆளே காலி. சம்பளம் வாங்குற வீரனே படுத்துக் கிடக்கிற எடத்துல, நீ இறங்கின மறுநாளே கார்துங் லான்னு கட்டத்துல எழுதியிருக்கே. ஏன்னா உனக்கு மொத்தமே பத்து நாள். வேலய விட்டுட்டுப் போறேன்னவன்ட்ட "ராஜினாமா குடுத்துட்டியாலே?"ன்னா, "லீவு தாத்தா"ங்கே!

அந்தக் கார்துங் லா இருக்கே, லேவுலருந்து நாப்பது கிலோமீட்டர். நம்ம கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் இதவிடத் தூரம். உலகத்துலயே உசந்த வண்டிப்பாதைன்னு சொல்லி, 18,380 அடின்னு பலகை வச்சு ரொம்ப வருசமா ஆளுகளக் கூப்பிட்டாங்க. சரியா அளந்து பாத்தா 17,582 அடிதானாம். மாட்டுத்தாவணித் தரகன் காளைக்கு வயசு சொல்ற மாதிரி, எண்ணூறு அடியக் கூசாமக் கூட்டி வச்சிருக்காங்க. நீயும் அந்தப் பலகைட்டதானே போட்டா புடிக்கப்போறே? புடி. மூஞ்சிய மட்டும் எண்ணூறு அடிக்குத் தக்கனக் கொஞ்சம் குறைச்சு வச்சுக்கோ.

போட்டான்னதும் நூலகத்துல படிச்சது ஞாபகம் வருது. கோட்டையூர் ஏ.கே.செட்டியாரத்தான் 'உலகம் சுற்றும் தமிழன்'னு சொல்லுவாங்க. 1937ல நியூயார்க்லருந்து டப்ளினுக்குக் கப்பல்ல போறப்போ, காந்தியப் பத்திப் படம் எடுக்கணும்னு ஒரு கிறுக்குப் புடிச்சுது அவருக்கு. தேசம் தேசமா அலைஞ்சு 50,000 அடி ஃபிலிம் சேத்து, 1940ல படத்தக் காட்டிப்புட்டாரு. அத்தன ஊரு பாத்த மனுசன், எழுத்துல 'நான்'ங்கிறதே மருந்துக்குத்தான். நீ போன வருசம் கொடைக்கானல் போனியே, அந்தப் படத்தக் காட்டுனே. மலை எங்கலேன்னு தேடினேன், உன் காதுக்குப் பின்னால தெரிஞ்சுது.

இன்னொன்னும் சுபேதார் சொன்னாரு. அந்த மலைல ரோடு போட ஜார்கண்ட்ல தும்கான்னு ஒரு ஊருப் பக்கமிருந்து ஆளுக போறாங்களாம். மூச்சுவிடவே முடியாத எடத்துல கல்லுடைச்சு, தார் காய்ச்சி நிக்காங்க. சலிச்சுப்போயி வந்த நீயும் பஞ்சத்துக்கு வந்த அவனும் ஒரே வளைவுல பாத்துக்கிடுவீங்க. வண்டிய நிறுத்தி அவன்ட்ட ரெண்டு வார்த்த பேசு. "எதுக்கு அண்ணே வந்தே?"ன்னு அவன் திருப்பிக் கேட்டா என்ன சொல்லுவே? அதையும் கட்டத்துல எழுதி வச்சுக்கோ, ஆறரை டீக்குப் பக்கத்துல.

சரி, போயிட்டு வா. கம்பளிய மறந்துராதே. லீவுக்கு என்ன காரணம் எழுதப்போறே, அத மட்டும் சொல்லிட்டுப் போ. கொடைக்கானலுக்குப் போறப்போ நான் செத்துட்டேனாமே? உங்க மானேஜர் துக்கம் விசாரிக்க வீட்டுக்குப் போன் போட்டாரு. நான்தான் எடுத்தேன். "பெரியவர நல்லபடியா எடுத்துப்போட்டாச்சு தம்பி, பேரன்தான் நெய்ப்பந்தம் புடிச்சான்"னு சொல்லி வச்சிருக்கேன். இந்தத் தடவ ஆச்சியா, நானேதானான்னு முன்கூட்டியே சொல்லிரு. கருமாதித் தேதி கேட்டா ரெண்டு பேரும் ஒரே தேதி சொல்லணும்லா.