விழுங்கப்பட்டால் மருத்துவரை நாடுக: ஆங்கில மூன்றாம் வடிவத்தின் ஒண்டுக்குடித்தனம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

கல்வெட்டுகளைப் படியெடுத்தோம், செப்பேடுகளைப் பதிப்பித்தோம், ஓலைச்சுவடிகளைப் பூச்சியிடமிருந்து மீட்டோம். கழிவறை கழுவும் திரவப் புட்டியின் முதுகை மட்டும் இதுவரை யாரும் முறையாக வாசிக்கவில்லை. இந்தக் குறையைப் போக்கவே இவ்வாராய்ச்சி.

ரசாயனப் பொருட்களின் மேல் அச்சிடுவதற்கென்று ஐரோப்பிய ஒன்றியம் ஒரு காலத்தில் வாசகப் பட்டியல் ஒன்று வைத்திருந்தது. அதில் எஸ்46 என்ற எண்ணுடைய சாசனம் 'இஃப் ஸ்வாலோட், சீக் மெடிக்கல் அட்வைஸ்' என்று தொடங்கும். அதாவது, விழுங்கப்பட்டால் உடனே மருத்துவரை நாடுக. இந்தப் புட்டியையோ லேபிளையோ காட்டுக. ஆங்கில இலக்கண ஆசிரியர்கள் வகுத்த விதி ஒன்று உண்டு. துணை வாக்கியத்தில் எழுவாய் விடுபட்டிருந்தால், தலைமை வாக்கியத்தின் எழுவாயே அதற்கும் எழுவாய். மருத்துவரை நாட வேண்டியவர் யார்? நீங்கள். ஆகவே விழுங்கப்பட்டவரும் நீங்களே. உள்ளே போன பிறகு, இருட்டில், லேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு மருத்துவரைத் தேட வேண்டும். உலக வரலாற்றில் இந்த அறிவுரை விவிலியத்து யோனா ஒருவருக்குத்தான் பயன்பட்டிருக்கும். மூன்று நாள் மீனின் வயிற்றில் இருந்தவர் அவர்; பாவம், அவரிடம் லேபிள் இல்லை.

குற்றவாளி யார் என்பதை இங்கே தெளிவுபடுத்திவிட வேண்டும். 'கோ, வென்ட், கான்' என்று வகுப்பே கோரஸாகக் கத்திய நாட்களில் மூன்றாவதாக வந்ததே, அவர்தான். இலக்கணத்தில் பாஸ்ட் பார்ட்டிசிபிள். தனியாக வாழத் தெரியாதவர். 'ஹேவ்' வந்து கைகொடுத்தால் முடிந்த செயல், 'பீ' வந்து கைகொடுத்தால் செயப்பாட்டுவினை; துணை இல்லாமல் வாக்கியத்துக்குள் காலெடுத்து வைக்க மாட்டார். ஆனால் துணை வாக்கியத்தில் மட்டும் ஒரு விசித்திரம் நடக்கிறது. எழுவாயும் துணைவினையும் சேர்ந்து வீட்டைக் காலி செய்துவிட, இவர் மட்டும் 'இஃப்', 'வென்', 'ஒன்ஸ்', 'அன்லெஸ்' போன்ற இணைப்புச் சொற்களின் திண்ணையில் படுத்துக்கொள்கிறார்.

எல்லா வீட்டிலும் இடம் கிடைக்காது என்பதுதான் ஆய்வாளருக்குச் சுவையான செய்தி. மேற்சொன்ன நால்வரும், கூட 'அன்டில்', 'தோ', 'ஆஸ்' ஆகியோரும் முன்பணம் கேட்காமல் சேர்த்துக்கொள்வார்கள். 'பிகாஸ்' கதவையே திறக்காது. 'பிகாஸ் ஓப்பன்ட்' என்று எந்த ஆங்கிலேயரும் சொல்லமாட்டார். 'ஆஃப்டர்', 'பிஃபோர்' இரண்டும் 'பீயிங்' என்பவரை ஜாமீனாக அழைத்து வந்தால் யோசிக்கலாம் என்கின்றன. 'ஒன்ஸ் ஓப்பன்ட்' சரி. 'ஆஃப்டர் ஓப்பன்ட்' தவறு. இரண்டுக்கும் பொருள் கிட்டத்தட்ட ஒன்றுதானே, ஏன் இந்தப் பாரபட்சம் என்று கேட்டால், 'காதுக்கு அப்படித்தான் கேட்கிறது' என்று பதில் வரும். இலக்கணத்தின் பாதிச் சட்டங்கள் காதில்தான் இயற்றப்பட்டிருக்கின்றன.

பிரிட்டிஷ் குளிர்பதனப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால் இந்த வகைச் சாசனங்கள் அடுக்கி வைத்ததுபோல் கிடைக்கும். பால் புட்டியில் 'ஒன்ஸ் ஓப்பன்ட்', 3 நாட்களுக்குள் அருந்துக. விதிப்படி பார்த்தால் இது அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருப்பவருக்கான பத்தியம்: நீங்கள் திறக்கப்பட்டவுடன் 3 நாளுக்குள் பாலைக் குடித்துவிட வேண்டும். இருந்தும், இந்த வரியைப் படித்துவிட்டுத் தன் வயிற்றைத் தடவிப் பார்த்தவர் யாருமில்லை.

இலக்கணக் காவலர்கள் சும்மா இருக்கவில்லை. ஃபௌலர் சகோதரர்கள் 1906-இல் எழுதிய நூலிலும், மூத்தவர் ஹென்றி 1926-இல் தனியாக வெளியிட்ட புகழ்பெற்ற அகராதியிலும், சேராமல் திரியும் எச்சங்களுக்குத் தனி விசாரணை நடந்தது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-இல் தம் மாணவர்களுக்காக அச்சிட்ட சிறு கையேட்டில், வாக்கியத்தின் முதலில் வரும் எச்சத் தொடர் எழுவாயைத்தான் சுட்ட வேண்டும் என்று கறாராக எழுதிவைத்தார். காவலர்களுக்குச் சங்கடம் தரும் சாட்சி ஷேக்ஸ்பியர். 'ஹாம்லெட்' நாடகத்தில் அப்பாவின் ஆவி தன் மரணத்தைப் பற்றி ஊரில் பரப்பிய கதையைச் சொல்கிறது. தோட்டத்தில் தூங்கிக்கொண்டிருந்தபோது பாம்பு கடித்ததாம். சொற்கள் நிற்கும் வரிசைப்படி தூங்கியது பாம்பு. (அது மூன்றாம் வடிவமல்ல, 'இங்' எச்சம், ஆனால் நோய் ஒன்றே.) நானூறு ஆண்டுகளாக அரங்கில் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் ஒருவரும் எழுந்து, தூங்கும் பாம்பு எப்படிக் கடிக்கும் என்று கேட்கவில்லை. ஆவியைத் திருத்தும் துணிச்சல் ஆசிரியர்களுக்கும் வந்ததில்லை.

நம் பக்கத்தில் இந்த வழக்கு எப்போதோ தீர்ந்துவிட்டது. 'செய்து' வகை எச்சத்துக்கும் அதை முடிக்கும் வினைக்கும் ஒரே வினைமுதல் வேண்டும் என்பது தொல்காப்பியத்து விதி. அடுத்த மூச்சிலேயே தொல்காப்பியர் சலுகையும் தருகிறார்: உறுப்பின் வினை முழு ஆளின் வினையோடு முடியலாம். கை முறிந்து வீழ்ந்தான் என்றால் முறிந்தது கை, வீழ்ந்தது ஆள், பரவாயில்லை. 'ஞாயிறு பட்டு வந்தான்' என்ற உதாரணம் இன்னும் மோசம். பட்டது சூரியன், வந்தது வேறு யாரோ. சூரியன் அவனுக்கு உறுப்பும் இல்லை. இலக்கணக்காரர்கள் அதையும் வெளியே தள்ளவில்லை. 'பட' என்பது 'பட்டு' என்று திரிந்து நிற்கிறது என்று எழுதி வழக்கை முடித்துவிட்டார்கள். ஃபௌலருக்கு இந்த யோசனை எட்டியிருந்தால் பல பக்கம் காகிதம் மிச்சமாகியிருக்கும்.

மூன்றாம் வடிவத்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு: மாறுவேடம். பெரும்பாலான ஆங்கில வினைகளில் இறந்தகால வடிவமும் மூன்றாம் வடிவமும் ஒரே 'எட்' சட்டையைப் போட்டுக்கொள்கின்றன. 1970-இல் தாமஸ் பெவர் என்ற உளமொழியியலாளர் ஒரு குதிரையை வைத்து இதைக் காட்டினார். 'த ஹார்ஸ் ரேஸ்ட் பாஸ்ட் த பார்ன் ஃபெல்.' படிப்பவர் களஞ்சியத்தைத் தாண்டிக் குதிரை ஓடியது என்று நிம்மதியாக வந்துகொண்டிருப்பார். கடைசிச் சொல்லில் 'விழுந்தது' என்று வரும்போது வாக்கியமே குப்புற விழும். திரும்பி வந்து பார்த்தால், 'ரேஸ்ட்' அங்கே முற்றுவினை அல்ல. களஞ்சியத்தைத் தாண்டி ஓட்டப்பட்ட குதிரை விழுந்தது. ஓட்டியவர் யாரென்று இங்கேயும் தகவல் இல்லை. 'ரேஸ்ட்' இருந்த இடத்தில் 'ரிடன்' என்று போட்டால் சிக்கலே கிடையாது, ஏனென்றால் அது 'ரோட்' அல்ல என்பது முகத்திலேயே தெரிகிறது. கத்திப் படித்த மூவடிவப் பாடத்துக்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது என்று அன்று யாரும் சொல்லவில்லை.

அதே வாக்கியத்தின் நடுவில் 'பாஸ்ட்' என்று ஒருவர் சாதுவாக உட்கார்ந்திருக்கிறாரே, அவரும் 'பாஸ்' வினையின் பழைய மூன்றாம் வடிவம்தான். ஓய்வு பெற்று முன்னிடைச்சொல் ஆனவர். 'ஹாஃப் பாஸ்ட் ஃபோர்' என்று மணி சொல்லும்போதெல்லாம் ஓய்வூதியம் வாங்குகிறார். 'எகோ'வும் அப்படி வந்தவரே.

இன்னும் சிலர் திண்ணையை விட்டு உள்ளே போய் வீட்டுக்கே சொந்தக்காரர் ஆகிவிட்டார்கள். 'கிவன் தட்', 'கிரான்டட் தட்', 'ப்ரொவைடட் தட்' ஆகியோர் இப்போது முழு இணைப்புச் சொற்கள். இவர்களே தனியாகத் துணை வாக்கியத்தை நடத்துகிறார்கள். 'ப்ரொவைடட்' வெகுதூரம் போனது. இதன் லத்தீன் மூத்தவர் 'ப்ரொவைசோ'வும் ஓர் எச்சமே. சட்டம் இயற்றுபவர்கள் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் திரும்ப வாங்க இதைவிடச் சிறந்த கருவி அகப்படவில்லை. 1950-இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் ஆங்கில வடிவில் விதி முடிந்த கையோடு 'ப்ரொவைடட் தட்', அது போதாவிட்டால் 'ப்ரொவைடட் ஃபர்தர் தட்' என்று வரிசையாக வரும். ஏற்பாடு செய்தவர் யார் என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை.

உண்மையில் இந்த வடிவத்தின் செல்வாக்கெல்லாம் அங்கேதான். பேர் சொல்லாமல் வேலையை முடிக்கும். அலுவலக மின்னஞ்சலில் 'ஆஸ் டிஸ்கஸ்ட்' என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். யார் பேசினார்கள், எப்போது, யார் தலையாட்டினார்கள், யார் மறுத்தார்கள், எல்லாம் ஒரு சொல்லுக்குள் போய்விடும். பேச்சே நடந்திருக்காவிட்டாலும் எழுதலாம். 'ஆஸ் அக்ரீட்' அதைவிட ஆபத்து. ஒப்புக்கொண்டவர் நீங்கள் என்பது கடைசி வரியில்தான் தெரியவரும். 'ஆஸ் டைரக்டட்' என்று கோப்பில் எழுதிவிட்டால், பணித்தவர் மாற்றலாகிப் போன பிறகும் கோப்பு நகரும். பால் புட்டியில் எழுவாய் விடுபட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. கோப்பில் விடுபடும் எழுவாய்க்குப் பெரும்பாலும் ஒரு நாற்காலி இருக்கும்.

காவலர்களின் விதியை இம்மி பிசகாமல் பின்பற்றும் சாசனம் ஒன்றையும் காட்டியாக வேண்டும். வங்கியிலிருந்தும் காப்பீட்டு நிறுவனத்திலிருந்தும் வரும் உறைகளின் மேல் சின்ன எழுத்தில் இருக்கும்: 'இஃப் அன்டெலிவர்ட், ப்ளீஸ் ரிட்டர்ன் டு', கீழே ஒரு முகவரி. இது யாருக்கு எழுதியது? கடிதம் கைக்கு வந்தவருக்கு இது பொருந்தாது. வராதவர் இதைப் பார்க்கவே போவதில்லை. எஞ்சுபவர் தபால்காரர். 'ரிட்டர்ன்' என்பதற்குத் திருப்பி அனுப்பு என்றும் திரும்பிப் போ என்றும் இரு பொருள் உண்டு. எதை அனுப்புவது என்று உறை சொல்லவில்லை. ஆகவே விதிப்படி, தாமே பட்டுவாடா ஆகாமல் மிஞ்சிய தபால்காரர், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அந்த முகவரிக்குப் போய்ச் சேர வேண்டும். இலக்கணப்படி இந்த வரியில் ஒரு பிழையும் இல்லை.