படிவம் 696-க்கு ஒரு பொன்னாடை

லண்டன் ஜாஸுக்கு இது நல்ல காலம். 2023இல் எஸ்ரா கலெக்டிவ் மெர்க்குரி இசைப் பரிசை வென்றது. ஜாஸ் குழு ஒன்றுக்கு அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல்முறை. நகரமே மார்தட்டிக்கொண்டது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! பரிமாறிய கைகளுக்கெல்லாம் பொன்னாடை போர்த்திவிடுவோம்.

முதல் ஆடை லண்டன் மாநகரக் காவல்துறைக்கு. 2005இல் இசை நிகழ்ச்சி நடத்துபவர்கள் நிரப்பவேண்டிய படிவம் 696 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். டிஜே வருகிறாரா, எம்சி வருகிறாரா? அவர் பெயர், விலாசம், தொலைபேசி எண் எழுது. என்ன இசை? எழுது. கேட்க வருகிறவர்கள் எந்த இனம்? அதையும் எழுது. இனக் கேள்வியைப் பிறகு எடுத்தார்கள். படிவம் மட்டும் 2017 வரை சாகவில்லை. ரசிகனின் தோல் நிறத்தை வைத்து ராகம் கண்டுபிடித்த மேதைகள்! அதில் அதிகம் மாட்டியது கறுப்பின இளைஞர்களின் கிரைம் (grime) இசை. (தமிழில் எழுதினால் இசைக்கும் குற்றத்துக்கும் ஒரே எழுத்து. காவல்துறை எந்த மொழியில் படித்ததோ.) அந்தத் தாளம்தான் இன்று மோசஸ் பாய்டின் டிரம்ஸில் ஜாஸாக டிக்கெட் விற்கிறது.

அடுத்து லண்டனின் ஹாக்னி கவுன்சில். கரீபியர்களின் மன்றமாக இருந்த பழைய கட்டடத்தில் டோட்டல் ரெஃப்ரெஷ்மென்ட் சென்டர் என்ற கச்சேரி அரங்கு நடந்தது. உட்கார்ந்து தலையாட்டுகிற ஜாஸ் அல்ல. வியர்க்க வியர்க்க ஆடிக்கொண்டே கேட்கிற ஜாஸ். 2018இல் அங்கே கச்சேரிகளை நிறுத்தவைத்தார்கள்.

பெரிய ஆடை பிரிட்டிஷ் உள்துறைக்கு. 1948இல் கரீபியனிலிருந்து விண்ட்ரஷ் கப்பலில் வந்திறங்கிய கலிப்சோ பாடகர் லார்ட் கிட்ச்னர் லண்டனைப் புகழ்ந்து பாடினார். அப்படி வந்த தலைமுறையின் இறங்கு அட்டைகளை 2010இல் உள்துறையே அழித்தது. பிறகு, சின்ன வயதில் முறைப்படி வந்து முதுமை தட்டியவர்களிடம் காகிதம் எங்கே என்று கேட்டது. வேலை போயிற்று, வைத்தியம் போயிற்று; சிலரைச் சிறைவைத்து நாடும் கடத்தினார்கள். 2018இல்தான் குட்டு உடைந்தது. பேத்தி சாக்ஸபோன் ஊதினால் பிரிட்டனின் பெருமை. தாத்தா ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்நியன். வெட்கங்கெட்ட கணக்கு.

கேரி கிராஸ்பியும் ஜனின் அயர்ன்ஸும் 1991இல் தொடங்கிய டுமாரோஸ் வாரியர்ஸ், பிள்ளைகளுக்கு இலவசமாகவே ஜாஸ் சொல்லிக்கொடுக்கிறது. நுபயா கார்சியாவும் எஸ்ரா கலெக்டிவ்காரர்களும் அங்கே உருவானவர்கள். இவர்களுக்குப் பொன்னாடை வேண்டாம் ஐயா. இப்படிப் பிள்ளைகள் கூடும், நீங்கள் இழுத்து மூடிய இளைஞர் மன்றங்களைத் திறந்துவிடுங்கள், போதும்.