பழைய விலைக்கே பதினைந்து பவுன்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற நகை மதிப்பீட்டாளர்,
பட்டுக்கோட்டை வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு தலைவர் அவர்கள்,
ஃபெடரல் ரிசர்வ் வாரியம்,
கான்ஸ்டிட்யூஷன் அவென்யூ, வாஷிங்டன்.
(கட்டட வேலை நடப்பதால் தபால்காரர் பலமாகக் கூப்பிடவும்.)

பொருள்: மகள் திருமணம் – பதினைந்து பவுன் தங்கம் – தங்கள் பேரேட்டில் உள்ள விலைக்கே வழங்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தாங்கள் வியாழன்தோறும் வெளியிடும் இருப்புநிலைக் குறிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

முப்பத்தொரு வருடம் கூட்டுறவு வங்கி ஒன்றில் நகை மதிப்பீட்டாளராக இருந்தவன் நான். அடகுக்கு வரும் சங்கிலியில் கொக்கியை மட்டும் உரைத்துப் பார்த்துச் சீட்டு எழுதும் மதிப்பீட்டாளரைக் கவரிங் ஆசாமிகள் ஊர் ஊராகத் தேடி வருவார்கள். அவர்கள் சங்கிலியில் கொக்கி மட்டும்தான் நல்ல தங்கமாக இருக்கும். அதனால் நான் கொக்கியில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசிக் கண்ணியில் ஒன்று என்று மூன்று இடத்தில் உரைப்பேன். உரைகல்லில் விழுந்த கோட்டின் மேல் ஒரு சொட்டு திராவகம். கோடு நின்றால் தங்கம். பச்சையாக நுரைத்து ஓடினால் பித்தளை.

கை பழகிவிட்டது, என்ன செய்ய? தை மாதம் மகளுக்குக் கல்யாணம். தங்கம் ஏன் இப்படி ஏறுகிறது என்று யாரைக் கேட்டாலும் உங்களைக் கை காட்டுகிறார்கள். எனவே உங்கள் இருப்புநிலைக் குறிப்பையும் மூன்று இடத்தில் உரைத்துப் பார்த்தேன்.

முதலில் கொக்கி. உங்கள் சொத்துப் பட்டியலின் தலைவரியே தங்கச் சான்றிதழ் கணக்குதான்: சுமார் 1,104 கோடி டாலர். அதற்குப் பின்னால் அமெரிக்கக் கருவூலத்தின் தங்கம் ஏறக்குறைய 8,133 டன் இருக்கிறது. எடையில் குறை சொல்ல மாட்டேன். விலையைப் பார்த்ததும்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டேன். அவுன்ஸ் 42.22 டாலர்! 1973-இல் சட்டம் போட்டு வைத்த விலை. அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. 2025 அக்டோபரில் வெளிச்சந்தையில் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. அந்த விலைக்கு இதே தங்கம் ஒரு லட்சம் கோடி டாலருக்கு மேல் பெறும். நீங்கள் அதன் நூறில் ஒரு பங்கை எழுதி வைத்துக்கொண்டு சாந்தமாக இருக்கிறீர்கள்.

நான் இப்படி எழுதியிருந்தால் மறுநாளே சஸ்பெண்ட் ஆகியிருப்பேன். மதிப்பீட்டாளர்கள் வழக்கமாக மாட்டுவது கூட்டி எழுதி. குறைத்து எழுதி மாட்டிய முதல் ஆள் என்ற பெருமை எனக்கு வந்திருக்கும்.

அந்தச் சான்றிதழையும் புரட்டிப் பார்த்தேன். 1934-இல் உங்கள் கையில் இருந்த தங்கத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டு சான்றிதழைக் கொடுத்திருக்கிறது. அதைக் காட்டித் தங்கத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை. ஐயா, நகையைக் கொடுத்துவிட்டு ரசீதோடு நிற்பவர்களை என் கவுண்டரில் தினமும் பார்த்திருக்கிறேன். மீட்க வழியில்லாமல் போனால் நாங்கள் அதற்கு "நகை மூழ்கிடுச்சு" என்போம். அந்த வார்த்தையைக் கேட்டதும் பெண்கள் ரசீதை நான்காக மடித்துச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்குவார்கள். நீங்கள் மூழ்கின ரசீதை வாரா வாரம் எடுத்துச் சொத்துப் பட்டியலில் முதல் வரியாக எழுதுகிறீர்கள். இந்த மனத்திடம் எங்கள் வாடிக்கையாளர்களுக்கு வாய்க்கவில்லை.

அடுத்து நடுக்கண்ணி. கொரோனா காலத்தில் கடன் பத்திரங்களை வாங்கிக் குவித்தீர்கள். 2022-இல் உங்கள் பேரேடு 9 லட்சம் கோடி டாலரை ஒட்டி நின்றது. அந்தப் பத்திரங்கள் தருவது சொற்ப வட்டி. வங்கிகள் உங்களிடம் போட்டு வைத்த பணத்துக்கு நீங்கள் தரும் வட்டியோ, 2022 மார்ச்சிலிருந்து 2023 ஜூலைக்குள் பதினொரு தடவை ஏற்றியதில், 5 சதவீதத்தைத் தாண்டியது. கூடின வட்டிக்கு வாங்கிக் குறைந்த வட்டிக்கு விட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊர்த் தண்டல்காரரின் பையனுக்கே தெரியும். 2023-இல் மட்டும் 11,400 கோடி டாலர் நட்டம்.

நட்டம் யாருக்கும் வரும். அதற்கு நீங்கள் வைத்த பெயரைத்தான் எழுந்து நின்று படித்தேன்: "ஒத்திவைக்கப்பட்ட சொத்து". 2024 முடிவில் அந்தச் சொத்து 20,000 கோடி டாலரைத் தாண்டி வளர்ந்திருந்தது. பின்னால் லாபம் வரும்போது கழித்துக்கொள்வீர்களாம். என் மைத்துனர் சீட்டுப் பிடித்து நொடித்தபோது இந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் வாசலில் கூடியவர்களிடம், "உங்க பணம் எங்கேயும் போகலை, ஒத்திவைக்கப்பட்ட சொத்தா வளர்ந்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பியிருப்பார். பாவம், விவரம் பத்தாமல் ராத்திரியோடு ராத்திரியாகத் திருப்பூருக்கு பஸ் ஏறினார்.

கடைசிக் கண்ணி உங்கள் வாய்ச்சொல். 2021-இல் விலைவாசி ஏறியபோது அது "தற்காலிகம்" என்றீர்கள். அந்த நவம்பரில் அன்றைய தலைவர் பவல், அந்தச் சொல்லுக்கே ஓய்வு கொடுக்கும் நேரம் வந்துவிட்டது என்று செனட்டர்களிடம் சொன்னார். ஓய்வு பெற்றது சொல்தான். விலைவாசி வேலையில் தொடர்ந்து, 2022 ஜூனில் 9.1 சதவீதத்துக்குப் பதவி உயர்வு பெற்றது.

சொல்லோடு புள்ளியும் வைக்கிறீர்கள். வட்டி எங்கே போகும் என்று ஆளுக்கொரு புள்ளி, வருடத்துக்கு நான்கு முறை. எங்கள் வீட்டில் மார்கழியில் புள்ளி வைப்பவர்தான் இழையும் இழுப்பார். நீங்கள் புள்ளியை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறீர்கள். கோலத்தைச் சந்தை போடுகிறது, நாங்கள் அதில் கால் வைத்துவிடாமல் தாண்டித் தாண்டி நடக்கிறோம்.

2025 டிசம்பர் 10-ஆம் தேதி உங்கள் வட்டி அறிவிப்பு வந்தபோது இங்கே நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரை. கல்யாணப் பத்திரிகைக்கு மஞ்சள் தடவிக்கொண்டே செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டுப் போடும் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் கால் சதவீதம் குறைக்கலாம் என்றார்கள், இருவர் குறைக்கவே கூடாது என்றார்கள், ஒருவர் அரை சதவீதம் கேட்டார். சம்பந்தி வீட்டுப் பேச்சுவார்த்தை மாதிரியே இருந்தது.

"என்னங்க, என்ன சொல்றாங்க?" என்றாள் வீட்டுக்காரி.

"வட்டியைக் குறைச்சிருக்காங்க."

"அப்ப நமக்கு நல்லதுதானே?"

"தங்கம் வட்டி தராத பொருள். பத்திரத்துல வட்டி குறைஞ்சா ஆளுங்க தங்கத்துக்கு வருவாங்க. விலை ஏறும்."

"போன தடவை வட்டியை ஏத்தினப்பவும் ஏறுச்சே?"

முப்பத்தொரு வருட அனுபவம் அந்தக் கேள்வியில் வாயடைத்துப் போயிற்று. அந்த மாதமே பவுன் ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியது.

பதிலைப் பிறகு கண்டுபிடித்தேன். அதற்கு என் அத்தையை உங்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டும். அத்தைக்கு முதலீட்டுக் கொள்கை ஒன்றுதான்: நெல் விற்ற காசில் குந்துமணி தங்கமாவது வாங்கு, வாங்கினதை விற்காதே, யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்று யாரிடமும் சொல்லாதே. அத்தை மாதிரி ஆட்களைப் பார்த்து, வட்டி தராத உலோகத்தில் பணத்தை முடக்குகிறார்கள் என்று பொருளாதாரம் படித்தவர்கள் பல வருடம் தலையில் அடித்துக்கொண்டார்கள். 2022-இல் ரஷ்யாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் சுமார் 30,000 கோடி டாலரை மேற்கு நாடுகள் முடக்கின. அன்றிலிருந்து உலக நாடுகளின் மத்திய வங்கிகளுக்கு அத்தையின் அறிவு வந்துவிட்டது. 2022, 2023, 2024 மூன்று ஆண்டுகளிலும் ஆண்டுக்கு 1,000 டன்னுக்கு மேல் வாங்கினார்கள். நீங்கள் 5 சதவீத வட்டியை ஆட்டிக் காட்டியும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறத்தியார் பூட்டக்கூடிய பெட்டியில் பணம் வைப்பதைவிடத் தன் பீரோவில் தங்கம் வைப்பது மேல் என்பதற்கு அத்தை எந்த ஆய்வுக் கட்டுரையும் எழுதவில்லை. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள், அவ்வளவுதான்.

எங்கள் நாட்டுக்கும் இது பட்டுத் தெரிந்த பாடம். 1991-இல் இறக்குமதிக்கு டாலர் இல்லாமல், சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிலும் ஜப்பான் வங்கியிலும் ரிசர்வ் வங்கி அடகு வைத்து 40 கோடி டாலர் வாங்கியது. ஊரே வெட்கப்பட்டது. நான் படவில்லை. ஆபத்துக்கு உதவாத நகை எதற்கு? மீட்டும் விட்டோம். அண்மையில் 100 டன்னை லண்டனிலிருந்து வீட்டுக்கே கொண்டுவந்தாயிற்று. எங்களுடையது மூழ்கவில்லை என்பதை ரசீது வைத்திருக்கும் தங்களுக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இனி என் கதை. போன வாரம் வீட்டுக்காரியின் சங்கிலியை எடுத்துக்கொண்டு நான் வேலை பார்த்த அதே கவுண்டருக்குப் போனேன், இந்தத் தடவை கம்பிக்கு வெளிப்பக்கம். 1998-இல் பவுன் நாலாயிரத்துக்குள் இருந்தபோது வாங்கியது. என் இடத்தில் உட்கார்ந்திருக்கும் பையன் மூன்று இடத்தில் உரைத்தான். நான் சொல்லிக் கொடுத்ததுதான். எப்போது வாங்கியது, என்ன விலை என்று கேட்கவில்லை. அன்றைய விலையைப் போட்டான். கை நிறையக் கடன் கிடைத்தது. அதைக் கொண்டுபோய் நகைக்கடையில் வைத்தேன். அங்கேயும் அதே அன்றைய விலை. கை காலியாயிற்று. விலை ஏறினால் பீரோவுக்குள் நாங்கள் பணக்காரர்கள், கடை வாசலில் ஏழைகள்.

அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. எங்களுக்கு இருப்பது அன்றைய விலை மட்டும். ஐம்பது வருடத்துக்கு முந்தைய விலையிலேயே குடியிருக்கும் வசதி உலகத்தில் உங்களுக்கு ஒருவருக்குத்தான் இருக்கிறது. ஆகவே என் கோரிக்கை: அவுன்ஸ் 42.22 டாலர் கணக்கில் எனக்குப் பதினைந்து பவுன், அதாவது 120 கிராம், கொடுத்து உதவவும். 163 டாலர் ஆகிறது. வரைவோலை எடுத்து வைத்திருக்கிறேன். செய்கூலி, சேதாரம் நானே பார்த்துக்கொள்வேன்.

என் நிலைமை உங்களுக்குப் புரியும் என்ற நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். நான் இரண்டாவதில் இருக்கிறேன், நீங்கள் முதலாவதில். 190 கோடி டாலர் என்று ஆரம்பித்த உங்கள் தலைமையகப் புதுப்பிப்பு 250 கோடியில் வந்து நிற்கிறது. மண்ணைத் தோண்டினால் ஒன்று, சுவரை இடித்தால் கல்நார் என்று காரணம் சொன்னீர்கள். எங்கள் கொத்தனாரும் அதேதான் சொல்வார். 2025 ஜூலையில் அதிபர் டிரம்ப் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு கட்டடம் பார்க்க வந்து, 310 கோடி என்று ஒரு தாளை நீட்டினார். ஐந்து வருடத்துக்கு முன்பே கட்டி முடித்த கட்டடத்தையும் இதில் சேர்த்திருக்கிறீர்கள் என்று பவல் காமிரா முன்னால் தலையை ஆட்டினார். உலகத்துக்கே பணவீக்கம் பார்க்கிறவர் வீட்டிலும் எஸ்டிமேட் ஏறத்தான் செய்கிறது என்று அன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கோரிக்கையை ஏற்க விதி இடம் தராவிட்டாலும் குற்றமில்லை. கல்யாணத்துக்கு அவசியம் வர வேண்டும். வரும்போது மொய்யாக ஒரு பவுன் காசு கொண்டுவாருங்கள். எங்கள் மொய் நோட்டில் உங்கள் பேரேட்டு விலைக்கே வரவு வைப்பேன்: பதினோரு டாலருக்குள், டாலர் 90 ரூபாய் என்றால் 977 ரூபாய். உங்கள் புதுக் கட்டடத்துக் கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை வந்ததும், அந்த 977 ரூபாயை ஒரு பைசா குறையாமல் கவரில் போட்டு, மேலே ஒரு ரூபாய் நாணயமும் ஒட்டித் திருப்பிச் செய்துவிடுவேன்.

மொய்யில் நாங்கள் எதையும் ஒத்திவைப்பதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பெண்ணைப் பெற்றவன்.

இணைப்பு: 1. திருமணப் பத்திரிகை (நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது). 2. உரைகல் ஒன்று. உபயோகித்துவிட்டுத் திருப்பி அனுப்பவும். கையிலிருப்பது அது ஒன்றுதான்.