பங்கேற்பு ஓங்குக!

மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகள் 2012-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. காடர் போன்ற மலைவாழ் பழங்குடி மக்களுக்குச் சுற்றுலாவில் பங்கு வேண்டாமா? தாராளமாகத் தருகிறோம். ரிசார்ட் முதலாளிக்கு லாபத்தில் பங்கு, காடருக்குப் பங்கேற்பு.

செக்போஸ்ட்டில் மூங்கில் தடுப்பைத் தூக்குகிறார்: பங்கேற்பு. ஜீப் போனபின் சிப்ஸ் பாக்கெட் பொறுக்குகிறார்: கூடுதல் பங்கேற்பு. ராத்திரி கேம்ப்ஃபயருக்கு ஆட்டம் வேண்டுமா, அவரே பண்பாடு. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை நினைவுபடுத்தினால் கோபிப்பதில்லை. "பட்டா கிடக்கட்டும், முதலில் பயிற்சி" என்று கனிவாகச் சொல்கிறோம்.

பயிற்சியும் தயார். தலைப்பு: 'காட்டை அறிவோம்'. ஏசி ஹாலில் நகரத்து நிபுணர் வகுப்பெடுக்கிறார். வழியில் யானைக்கூட்டத்தில் சிக்காமல் அவரைக் கூட்டிவந்தவர் காடர்தான். பாவம், அவருக்கு மட்டும் சான்றிதழ் இல்லை. முதல் வகுப்புக்கு ஆப்சென்ட்!