பக்கத்து மனையில் செங்கல் இறங்கியாச்சு!

கேள்வி: 25 வருஷமாகக் காலியாகக் கிடந்த பக்கத்து மனையில் மாடி வீடு வரப்போகிறதாம். எங்கள் சமையலறைக்கு வெளிச்சமே அந்தப் பக்கத்து ஜன்னல்தான். தடுக்க முடியுமா? — வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: வீட்டைத் தடுக்க முடியாதம்மா. வெளிச்சத்தைக் கேட்க முடியும். ஒரு கட்டடத்துக்கு 20 ஆண்டுகள் தடையின்றி வந்துகொண்டிருந்த வெளிச்சமும் காற்றும் அதற்கு உரிமையாகிவிடும் என்கிறது 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவு. ஆனால் கோர்ட்டுக்குப் போனால் ‘முன்னைவிட மங்கல்’ என்பது போதாது. அந்த அறையில் புழங்கவே சிரமம் என்று காட்ட வேண்டும். அதனால் நாளைக் காலை எட்டு மணிக்கு வெயில் அரிசி டப்பாமேல் விழுகிறதா, மேடைமேல் விழுகிறதா என்று தேதியோடு ஒரு படம் எடுங்கள். ஜன்னல் வைத்த வருஷத்தைக் காட்டும் பழைய பிளானையும் தேடி எடுங்கள். இரண்டையும் கொண்டுபோய், “உங்கள் ஓ.டி.எஸ்.ஸை (வானம் பார்த்த திறந்தவெளியை) எங்கள் ஜன்னலுக்கு நேராக வைத்துக்கொள்ள முடியுமா?” என்று கேளுங்கள். இன்றைக்கு அது பென்சிலால் அழித்துப் போடுகிற கோடு. கான்கிரீட் போட்ட பிறகு அதே கோட்டுக்கு லட்சக்கணக்கில் ஆகும்.

கேள்வி: எல்லைச் சுவரை ஒட்டியே சம்ப் தோண்டப் போகிறார்கள். எங்கள் வீடு 1978-ல் கட்டியது. பயமாக இருக்கிறது என்றால் வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். — வாசகர், திருவான்மியூர்

பதில்: சிரிப்பவர்களை நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லுங்கள். எனக்கு வருகிற ஆட்சேபங்களில் முதல் நாற்காலி இதற்குத்தான். உங்கள் ஊர் மணல் பூமி. உங்கள் கடைக்காலைவிட ஆழமாகப் பக்கத்தில் பள்ளம் விழுந்தால் மணல் அங்கே சரியும். பள்ளத்தில் தண்ணீர் ஊறினால் மோட்டார் வைத்து இறைப்பார்கள். தண்ணீரோடு உங்கள் வீட்டுக்கு அடியில் இருக்கிற மணலும் கிளம்பிப் போகும். சுவர் அதற்குப் பிறகுதான் பேசும், விரிசலாக.

சம்ப்பை எல்லையிலிருந்து தள்ளி வைக்கச் சொல்லுங்கள். எல்லை ஓரம் வானம் தோண்டியே ஆக வேண்டும் என்றால் முழு நீளத்தையும் ஒரே நாளில் திறக்காமல், துண்டு துண்டாகத் தோண்டி, முட்டுக் கொடுத்து, கட்டி மூடிவிட்டு அடுத்ததுக்குப் போகட்டும். ஐப்பசி, கார்த்திகையில் தோண்டவே வேண்டாம். பக்கத்து நிலம் உங்கள் நிலத்தைத் தாங்க வேண்டும் என்பதும் அதே 1882 சட்டம் தருகிற உரிமைதான். 20 வருஷம் தாண்டிய கட்டடத்துக்கும் அந்தத் தாங்கல் உண்டு.

எங்கள் பக்கத்து மனையில் வேலை நடந்தபோது மேஸ்திரி ஒருவர் சொல்லிக்கொடுத்த கைவைத்தியம் இது. ஏற்கெனவே இருக்கும் விரிசலின் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை, இரண்டு முனையிலும் சிமென்ட் வைத்து ஒட்டி, பக்கத்திலேயே தேதி எழுதுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். எங்கள் வீட்டில் பதினோராவது நாள் உடைந்தது. பள்ளத்தை அன்றைக்கே மூட வைத்தோம். இன்றும் அந்த அறையில்தான் அம்மா தூங்குகிறார்.

கேள்வி: அவர்கள் வீடு எங்களுக்குத் தென்மேற்கில், எங்களைவிட உயரமாக வருகிறது. வாஸ்து தோஷமா? — வாசகி, வேலூர்

பதில்: தென்மேற்கு உயர்ந்திருந்தால் நல்லது என்பதுதான் வாஸ்துக்காரர்கள் பாடம். ஆட்சேபக் கடிதத்திலிருந்து இந்த வரியை அடித்துவிடுங்கள்.

கேள்வி: என்னைக் கேட்காமல், என் கையெழுத்தே இல்லாமல் அப்ரூவல் கொடுத்திருக்கிறார்கள். இது நியாயமா? — வாசகர், தாம்பரம்

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்து தேவையே இல்லை, ஐயா. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்கு, தரைத்தளமும் ஒரு மாடியும் என்றால், சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வந்துவிடுகிறது. முன்கூட்டி யாரும் வந்து மனையைப் பார்ப்பதில்லை. சொந்த வீடு கட்ட அலைந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி. எனக்கும் அதில் சந்தோஷம்தான். ஆனால் அனுமதி வாங்கிய பிளானும் தரையில் போட்ட சுண்ணாம்புக் கோடும் ஒன்றா என்று பார்க்கிற முதல் கண் உங்களுடையதாகிவிட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி பிளான் விவரம் கேளுங்கள். டேப்பை எடுத்துப் பக்க இடைவெளியை அளந்து பாருங்கள். குறைந்தால் உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மீறிய கட்டடத்தின் வேலையை நிறுத்தவும் இடிக்கவும் 1971-ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் அதிகாரம் இருக்கிறது. தூண் எழும்புவதற்குள் எழுதுங்கள். குடிபுகுந்தவர்களைக் கிளப்புவது யாருக்கும் மனசு வராத வேலை.

கேள்வி: ராத்திரி ஒரு மணிக்குக் கலவை மெஷின் ஓட்டுகிறார்கள்! — வாசகி, மதுரை

பதில்: இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதியில் சத்தம் போடும் கட்டுமான இயந்திரங்களுக்குத் தடை. போலீஸைக் கூப்பிடுங்கள், தயங்காதீர்கள்.

கேள்வி: ஆட்சேபக் கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். இதற்குள் பூமி பூஜைக்கு அழைப்பு வந்துவிட்டது. போகலாமா? — வாசகர், கும்பகோணம்

பதில்: கட்டாயம் போங்கள். இன்னும் முப்பது வருஷம் அவர்கள் வீட்டுச் சாம்பார் வாசனை உங்கள் வீட்டுக்கும், உங்கள் வீட்டு டி.வி. சத்தம் அவர்கள் வீட்டுக்கும் வரப்போகிறது. கடிதம் பையிலேயே இருக்கட்டும். தாம்பூலத்தை வாங்கிக்கொண்டு மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு, “சம்ப் எந்தப் பக்கம் வருது தம்பி?” என்று கேட்டுவிட்டு வாருங்கள்.