சீட்டு உட்கார்ந்ததா?

திராட்சைப் பெட்டி கட்டுவதற்காக என் புல்லட்டின் பின் சீட்டைக் கழற்றிவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்காரியைக் குமுளிக்கு அழைத்துப் போகணும். சீட்டைச் சும்மா எடுத்து வைத்தால் போதாதா?
— வாசகர், கம்பம்

திராட்சைப் பெட்டிக்குக் கயிறு கட்டினீர்களே, வீட்டம்மாவுக்கு ரெண்டு போல்ட் போடக் கூடாதா?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 128, பின்னால் உட்காருபவருக்கு உறுதியாகப் பொருத்திய சீட்டு வேண்டும் என்கிறது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க இடம், பின்சக்கரத்தில் பாதிக்காவது மறைப்பு ஆகியவற்றை மத்திய மோட்டார் வாகன விதி 123 கேட்கிறது. சேலை சக்கரத்தில் சிக்கிய விபத்துகளை அறிந்தவர்களுக்கு அந்த மறைப்பின் அருமை தெரியும். பெட்டிக்காக அதையும் கழற்றியிருந்தால் முதலில் அதை மாட்டுங்கள்.

சீட்டுக்கு அடியில் நாக்கு இருந்தால் அது கொக்கியில் நுழைய வேண்டும். போல்ட்டுகளை எல்லாம் முதலில் கையால் திருகிவிட்டு, பிறகு ஸ்பேனரால் இறுக்குங்கள். ஒன்றை முழுசாக இறுக்கினால் அடுத்ததன் துளை நேராக வராது. வாஷரை விட்டுவிடாதீர்கள். பின் முனையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். ஆடினால் லோயர் கேம்ப் தாண்டி மலை ஏற வேண்டாம், பஸ் இருக்கிறது.

ஹெல்மெட்டும் ரெண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.